கோலாலம்பூரில் வீடு துப்புரவுக்கு ஆள் அமர்த்துகிறீர்களா? காசு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் வீட்டைத் துப்புரவு செய்து தரும் நிறுவனங்களுக்குப் பஞ்சமே இல்லை. பேஸ்புக்கைத் திறந்தால் வரிசையாக விளம்பரம். ஆனால் போனில் ஒரு விலை, வாசலில் ஒரு விலை. படத்தில் பளபளக்கும் அடுப்படி, நேரில் பார்த்தால் அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி ஹூட்டில் எண்ணெய் அப்படியே. செந்தூலில் வாடகை வீட்டைக் காலி செய்து செத்தாபாக்கில் இன்னொரு வீட்டுக்குப் போனபோது, இரண்டுக்கும் ஆள் வைக்கவேண்டி வந்தது எனக்கு. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வெளியூரில் இருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டில் இருந்து வேலைப் பாஸில் வந்து முதல் முறை இங்கே வீடு எடுப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

என் கணக்கில், விலை பேசுவது இரண்டாம் பட்சம். யார் வருகிறார்கள், எதையெல்லாம் செய்வார்கள் என்ற இரண்டையும் காசு கை மாறும் முன் எழுத்தில் வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

1. எந்த வேலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"கிளீனிங் வேணும், எவ்வளவு?" என்று கேட்டால் அவரவர் வசதிக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு விலை சொல்வார்கள். இங்கே நடப்பில் இருப்பது மூன்று வகை.

மணிக்கணக்கு வேலை. நாம் குடியிருக்கும் வீட்டுக்கு இதுதான். இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று கணக்கு. பெருக்கித் துடைப்பது, குளியலறை கழுவுவது, அடுப்படி மேடையைத் துடைப்பது, தூசி தட்டுவது. குறைந்தது 3 அல்லது 4 மணி நேரம் எடுக்கச் சொல்வார்கள். நான் விசாரித்த இடங்களில் ஒரு ஆளுக்கு மணிக்கு 25 முதல் 35 ரிங்கிட் வரை சொன்னார்கள். மாப், வேக்குவம், சோப்புத் தண்ணீர் எல்லாம் உங்களுடையதா அவர்களுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கொண்டுவந்தால் தனியாக 20, 30 ரிங்கிட் சேரும்.

குடிபுகும் போதும் காலி செய்யும் போதும் செய்யும் வேலை. வீடு காலியாக இருக்கும். அலமாரிகளின் உட்புறம், சன்னல் கண்ணாடி, மின்விசிறி, கதவின் மேல்விளிம்பு வரை செய்ய வேண்டும். இதற்கு மணிக்கணக்கு சரிப்படாது, மொத்த விலை பேசுங்கள். சுமார் 900 சதுர அடி கோண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) எனக்கு வந்த விலைகள் 400 ரிங்கிட்டில் தொடங்கி 700 வரை இருந்தன. ஒரே வீடு, ஒரே படங்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்! எதெல்லாம் அந்த விலைக்குள் அடங்கும் என்பதில்தான் அந்த வித்தியாசம் ஒளிந்திருந்தது.

ரெனோவேஷனுக்குப் பிறகு செய்யும் வேலை. சிமெண்டுத் தூள், பெயிண்டுச் சொட்டு, டைல்ஸ் இடுக்குப் பூச்சு. இதைச் சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். சாதாரண மணிக்கணக்கு ஆளை இதற்குக் கூப்பிடாதீர்கள். ஈரத் துணியால் சிமெண்டுத் தூளைத் துடைத்தால் காய்ந்ததும் தரை முழுக்க வெள்ளைப் படலம்தான் மிஞ்சும்.

ஏர்கோன் (ஏசி) சர்வீஸ், சோபா மெத்தை கழுவுவது, திரைச்சீலை துவைப்பது எல்லாம் எந்த வகையிலும் சேராது. எல்லாம் தனிக் கட்டணம். உயர்மாடி வீட்டின் வெளிப்பக்கக் கண்ணாடியை யாரும் தொடமாட்டார்கள். தொடச் சொல்லவும் கூடாது.

2. விலை கேட்கும் முன் படமும் அளவும் தயார் செய்யுங்கள்

வீட்டின் சதுர அடி, எத்தனை அறை, எத்தனை குளியலறை, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, தண்ணீரும் மின்சாரமும் இருக்கிறதா. இவற்றோடு மோசமான இடங்களின் படத்தை எடுத்து அனுப்புங்கள். நல்ல பகுதியின் படத்தை அனுப்பி விலை குறைவாக வாங்கிவிடலாம் என்று நினைத்தால் வேலை நாளில் வாசலில் நின்று பேரம் பேசவேண்டி வரும்.

நம் வீடுகளில் தனியாகச் சொல்ல வேண்டியது அடுப்படி. தினம் தாளிக்கிற வீட்டில் ஹூட்டின் மேலும், அதற்குப் பக்கத்துக் கேபினட் கதவிலும், சுவர் டைல்ஸிலும் எண்ணெய் பிசுபிசுவென்று உறைந்திருக்கும். அதற்கு வேறு மருந்து, வேறு நேரம். மஞ்சள் கறை இருந்தால் அதன் படமும் தேவை. வெள்ளை மேடையில் ஊறிப்போன மஞ்சள் முழுதாகப் போகாது என்று முன்கூட்டியே சொல்லும் நிறுவனம் நம்பத் தகுந்தது என்பது என் அனுபவம்.

குறைந்தது மூன்று இடத்தில் ஒரே செய்தியை, ஒரே படங்களோடு அனுப்புங்கள். அப்போதுதான் விலைகளை ஒப்பிட முடியும்.

3. நிறுவனம் உண்மையானதா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

மலேசியாவில் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் கும்பல்கள் வீட்டுத் துப்புரவையே தூண்டிலாக வைக்கின்றன. 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இதைப் பற்றி விவரமாக வெளியிட்டது. உள்ளூர்ச் சேவைகளின் பெயரைப் போலச் செய்த ஏழு போலி இணையதளங்களை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஆறு துப்புரவு நிறுவனங்களின் பெயரில் இருந்தன. மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க் உட்பட எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள்தான் குறி.

நடக்கும் விதம் இப்படி. நம்ப முடியாத மலிவு விலையில் பேஸ்புக் விளம்பரம் வரும். செய்தி அனுப்பினால் வாட்ஸ்அப்பில் இனிமையாகப் பேசுவார்கள். "எங்கள் செயலியில் புக் செய்தால் தள்ளுபடி உண்டு" என்று ஒரு இணைப்பு வரும். அது பிளே ஸ்டோருக்குப் போகாது. நேராக ஒரு ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இறங்கும். அதில் முன்பணம் கட்டச் சொல்லும்போது எஃப்பிஎக்ஸ் என்ற வங்கி வழிக் கட்டண முறை மாதிரியே ஒரு பக்கம் வரும், உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நீங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டதும் பிழை என்று காட்டும். அதற்குள் விவரம் அவர்கள் கைக்குப் போயிருக்கும். வங்கி குறுஞ்செய்தியில் டிஏசி என்ற ஒருமுறை எண்ணை அனுப்பினால் அதையும் அந்தச் செயலியே அவர்களுக்கு அனுப்பிவிடும். முன்பணம் வெறும் பத்து ரிங்கிட் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆகவே, துப்புரவு வேலைக்காக யார் எந்தக் கோப்பை அனுப்பினாலும் போனில் இறக்காதீர்கள். செயலி வழியாகத்தான் புக் செய்யவேண்டும் என்றால் நீங்களே பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ தேடி இறக்குங்கள்.

அப்புறம், காசு அனுப்பும் முன் மூன்று சோதனை. எதற்கும் செலவில்லை, உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம்.

முதலாவது, நிறுவனப் பதிவு. நிறுவனத்தின் முழுப் பெயரையும் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) தந்த பதிவெண்ணையும் கேளுங்கள். எஸ்எஸ்எம் இணையதளத்தில் தேடிப் பார்த்து, பெயரும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். விவர அறிக்கை வேண்டுமென்றால்தான் கட்டணம். இதில் ஒரு உபயோகமான விஷயம் உண்டு. புதிய பதிவெண்ணில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் நான்கும் பதிவு செய்த ஆண்டு. "பத்து வருட அனுபவம்" என்று விளம்பரம் போட்டவரின் எண் 2024 என்று தொடங்கினால் அந்தப் பத்து வருடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். புதிதாகத் தொடங்கியவர் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. பொய் சொல்கிறவரை ஒதுக்கலாம்.

இரண்டாவது, காவல் துறையின் செமாக் மியூல் இணையதளம். அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் அதில் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணின் மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் யாரும் இதுவரை புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம், நல்லவர் என்ற சான்றிதழ் அல்ல.

மூன்றாவது, கணக்கின் பெயர். டுயிட்நவ் என்ற உடனடிப் பணமாற்று முறையில் அனுப்பும்போது உறுதி செய்யும் முன் பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். நிறுவனத்தின் பெயர் வரவேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சிறிய எண்டர்பிரைஸ் நடத்துபவர்கள் சிலர் சொந்தக் கணக்கையே வைத்திருப்பது உண்மைதான். அப்படியானால் வேலை முடிந்த பிறகு காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

உங்கள் பாஸ்போர்ட்டின் படம், ஐசியின் (அடையாள அட்டையின்) படம், வங்கி அட்டை எண் ஆகிய எதுவும் துப்புரவு நிறுவனத்துக்குத் தேவையில்லை. கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தப்பித் தவறி விவரம் போய்விட்டால் உடனே வங்கியின் அவசர எண்ணையும் 997ஐயும் அழைத்து, பிறகு போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள். 997 என்பது பண மோசடிக்கென்றே இருக்கும் தேசிய மையத்தின் எண். வரிசை முக்கியம்: காவல் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் பணம் இன்னொரு கணக்குக்கு மாறிவிடும்.

4. வருகிறவர்களின் பாஸ்

"பக்கத்து வீட்டுப் பணிப்பெண் ஞாயிற்றுக்கிழமை வருவார், மலிவாகச் செய்து தருவார்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். வெளிநாட்டுப் பணிப்பெண்ணின் பாஸ் அவரை அழைத்து வந்த முதலாளிக்குக் கட்டுப்பட்டது. வேறு வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்வது அந்தப் பாஸின் நிபந்தனையை மீறுவது. பிடிபட்டால் முதலில் அல்லல்படுவது அந்தப் பெண்தான்.

செல்லுபடியாகும் பாஸே இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் கதை இன்னும் மோசம். குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஒவ்வொரு ஆளுக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீங்களே வேலைப் பாஸில் இருப்பவர் என்றால் இதை இரண்டு முறை படியுங்கள்.

நிறுவனம் வழியாக எடுத்தாலும் கேட்பதில் தவறில்லை. "வருகிறவர்கள் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பாஸ் உள்ளவர்களா, உள்ளூர்க்காரர்களா? கோண்டோ பதிவுக்காகப் பெயர்ப் பட்டியல் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் மறுபேச்சில்லாமல் பட்டியலை அனுப்பிவிடும்.

உள்ளூர் அக்காமார்களை நேரடியாக வைப்பது தனி வழி. செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கங்களில் கோவில் தோழிகள், மளிகைக்கடைக்காரர் வழியாக விசாரித்தால் நல்ல ஆள் கிடைப்பார். மொழிச் சிக்கல் இல்லை, விளக்கை எப்படித் துடைக்க வேண்டும் என்று சொல்லித் தரவும் வேண்டாம். வாரம் ஒரு முறைப் பராமரிப்புக்கு நான் இவர்களைத்தான் சொல்வேன். ஆனால் காலி செய்யும் வீட்டை ஒரே நாளில் முடிக்க ஒரு அக்காவால் முடியாது. பாவம், முதுகு போய்விடும். மாதச் சம்பளத்துக்கு வீட்டு வேலையாளாக ஒருவரை வைத்தால் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்து சந்தா கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் அது உண்டு.

5. பேசியதை எழுத்தில் வாங்குங்கள்

போனில் எல்லாவற்றுக்கும் "போலே, போலே" (மலாயில் "முடியும், முடியும்") என்றுதான் பதில் வரும். எனக்கு அப்படித் தலையாட்டிய ஒரு நிறுவனம், ஆட்கள் வந்து நின்ற பிறகு கேபினட்டின் உட்புறமும் பால்கனிக் கதவும் "எக்ஸ்ட்ரா" என்றது. வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்க வேண்டிய நாள் மறுநாள் என்றால் அந்த நேரத்தில் என்ன வாதாட முடியும்?

அதனால் முன்பணம் கட்டும் முன் இந்தச் செய்தியை மலாயிலோ ஆங்கிலத்திலோ அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்:

"வீடு 900 சதுர அடி, 3 அறை, 2 குளியலறை, காலி வீடு. மொத்த விலை இவ்வளவு ரிங்கிட், எஸ்எஸ்டி, போக்குவரத்து, பார்க்கிங், பொருட்கள் உட்பட. 4 பேர், காலை 9 மணி. இதில் அடங்குபவை: எல்லா அலமாரியின் உட்புறம், ஹூட்டின் மேலும் உள்ளும், சன்னல் கண்ணாடியின் உட்பக்கம், சன்னல் ஓடுபாதை, மின்விசிறி, பால்கனித் தரையும் கதவும், கழிவறைத் தொட்டியின் பின்புறம். நேரம் முடிந்தும் வேலை முடியாவிட்டால் கூடுதல் கட்டணம் இல்லை. 24 மணி நேரத்துக்குள் குறை சொன்னால் திரும்ப வந்து சரி செய்து தருவீர்கள். பொருள் உடைந்தால் ஈடு யார் பொறுப்பு?"

எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) என்ற சொல்லைக் கட்டாயம் சேருங்கள். சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. சொன்ன விலைக்கு மேல் கடைசியில் அதைச் சேர்த்தால் 600 ரிங்கிட் 648 ஆகிவிடும். வரி வாங்குகிறவர் சுங்கத் துறையில் பதிந்தவராக இருக்க வேண்டும், பில்லில் அந்தப் பதிவெண் இருக்க வேண்டும். எண் இல்லாத பில்லில் எஸ்எஸ்டி என்று ஒரு வரி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

முன்பணம் 50 அல்லது 100 ரிங்கிட், அல்லது விலையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் நியாயம். முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்கும் சிறு நிறுவனத்திடம் போகாதீர்கள். பேர்பெற்ற செயலிகளில் முழுதாக முன்கூட்டியே கட்டுவதுதான் முறை; அங்கே ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

6. கோண்டோ மேனேஜ்மெண்ட் அனுமதி

யாரும் முன்கூட்டிச் சொல்லாத படி இது. ஆட்கள் வாளியும் வேக்குவமுமாகக் கீழே நிற்க, ஜாகா (காவலாளி) உள்ளே விடமாட்டார். நீங்கள் மேலிருந்து ஓடிவந்து ஆபீசில் படிவம் நிரப்பி முடிப்பதற்குள் உங்கள் 4 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கரைந்திருக்கும். நிறுவனம் அதையும் கணக்கில் சேர்க்கும்.

இரண்டு மூன்று வேலை நாளுக்கு முன்பே மேனேஜ்மெண்ட் ஆபீசுக்குப் போங்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் டெனன்சி அக்ரிமெண்ட் நகல், உங்கள் ஐசி அல்லது பாஸ்போர்ட், வருபவர்களின் பெயர்ப் பட்டியல், வண்டி எண். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்கும் இடங்களும் உண்டு. சாதாரண துப்புரவுக்கு டெபாசிட் கேட்பதில்லை. ரெனோவேஷனோடு சேர்ந்தது என்று எழுதினால் கேட்பார்கள். ஆகவே படிவத்தில் "கிளீனிங்" என்று மட்டும் எழுதுங்கள்.

அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டியவை: எந்த நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும், சனிக்கிழமை உண்டா, ஞாயிறும் பொது விடுமுறையும் எப்படி, எந்த லிஃப்ட், வண்டியை எங்கே நிறுத்துவது. பல இடங்களில் சனிக்கிழமை மதியத்தோடு சரி, ஞாயிற்றுக்கிழமை அறவே கிடையாது. தரை வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

7. நாள் குறிக்கும் போது

துப்புரவு கடைசி வேலை. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை காசு கொடுப்பீர்கள்.

புதிதாகக் குடிபோகிறவர்கள் முதலில் ஏர்கோன் சர்வீஸை முடியுங்கள். கழுவும்போது கறுப்புத் தண்ணீர் சுவரிலும் தரையிலும் தெறிக்கும். அதன் பிறகு துளை போடும் வேலைகள்: இணைய இணைப்பு, திரைச்சீலைக் கம்பி, வாட்டர் ஹீட்டர். எல்லாம் முடிந்த பின் துப்புரவு. அதற்கு மறுநாள் கட்டிலும் அலமாரியும் வரட்டும். புத்தம் புது வீடு என்றால் குறைகளைப் படமெடுத்து டெவலப்பருக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்புரவுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். சாவி வாங்கியதில் இருந்து 24 மாதம் அவர்கள் பொறுப்புதான்; ஆனால் டைல்ஸில் உள்ள கீறலுக்கு "உங்கள் கிளீனர் செய்தது" என்று சொல்ல அவர்களுக்கு இடம் தரக்கூடாது.

தண்ணீர், மின்சாரம். கோலாலம்பூருக்குத் தண்ணீர் ஆயர் சிலாங்கூர் தருகிறது. திட்டமிட்ட நீர்வெட்டை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அவர்கள் செயலியில் உங்கள் பகுதியைப் பார்த்துவிட்டு நாள் சொல்லுங்கள். டிஎன்பி என்ற மின்சார நிறுவனத்தில் கணக்கு இன்னும் மாறவில்லை, மின்சாரம் இல்லை என்றால் வேக்குவம் ஓடாது. திருப்பி அனுப்பினால் முன்பணம் போச்சு.

காலை 9 மணி வேளையையே கேளுங்கள். பிற்பகல் 2 மணி ஆட்கள் காலையில் வேறொரு வீட்டை முடித்துவிட்டு, சாலை நெரிசலைத் தாண்டி, களைத்து வருவார்கள். நாலு மணிக்கு மழை வந்தால் பால்கனி வேலை நின்றுவிடும். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்குப் போவார்கள், அன்று வேலை இழுக்கும்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலை கூடுதல். நோன்புப் பெருநாளை ஒட்டிப் பலர் ஊருக்குப் போயிருப்பார்கள். தீபாவளிக்கு நம் ஆட்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் தேடுவதால் உள்ளூர் அக்காமார்களைப் பிடிப்பது கஷ்டம். இந்த மூன்று காலத்திலும் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

8. வேலை நடக்கும் நாள்

நகை, பாஸ்போர்ட், ரொக்கம் ஆகியவற்றை ஒரு அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. பின்னால் ஒரு பொருள் காணாமல் போனால் யார் மேலும் பழி விழாமல் இருக்க.

ஆட்கள் தொடங்கும் முன் வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுங்கள்.

சாமி மேடையை நீங்களே செய்துகொள்வது நல்லது. பித்தளைக் குத்துவிளக்கைக் கழிவறை அமிலத்தால் தேய்த்து, பூச்சு போய் கறுத்துப்போன கதைகள் உண்டு. தொடக்கூடாத இடத்தில் "ஜாங்கான் செந்தூ" (Jangan sentuh, தொடாதீர்கள்) என்று மலாயில் எழுதி ஒட்டிவிடுங்கள். வந்தவர் இந்தோனேசியரோ உள்ளூர்க்காரரோ, புரிந்துகொள்வார்.

மருந்து விஷயத்தில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். பளிங்குத் தரையில் அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும், திரும்பப் பாலிஷ் போடத்தான் வேண்டும். மரத் தரையில் தண்ணீர் தேங்கினால் உப்பிவிடும். குளியலறையில் குளோரின் பிளீச்சையும் அமிலக் கழிவறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்ற விடாதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும், சன்னல் இல்லாத குளியலறையில் ஆபத்தே. அவசரத்தில் வேலை செய்கிறவர்கள் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே மேற்பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். ஆட்கள் சாமான்களைக் கட்டிவிட்ட பிறகு குறை சொன்னால் அரை மனதோடுதான் செய்வார்கள். பார்க்க வேண்டியவை: மின்விசிறி இறக்கையின் மேற்பக்கம், ஹூட்டின் மேல், கதவின் உச்சி, சன்னல் ஓடுபாதை, கழிவறைத் தொட்டிக்குப் பின்னால், குளியலறை வடிகால் மூடிக்குள் சிக்கிய முடி. வெள்ளை டிஷ்யூவை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெயில் வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிக் கறை தெரியாது.

குடிதண்ணீர் பாட்டில் வாங்கி வையுங்கள், வேலை நன்றாக இருந்தால் பத்து இருபது ரிங்கிட்டை நேராக அவர்கள் கையில் கொடுங்கள். அலுவலகத்துக்கு அனுப்பினால் அது போய்ச் சேர்வதில்லை.

9. ரசீது, டெபாசிட், தகராறு

மீதிப் பணத்தை அனுப்பியதும் நிறுவனப் பெயரும் வீட்டு முகவரியும் தேதியும் உள்ள ரசீதை வாங்குங்கள். வாடகை வீட்டைக் காலி செய்பவர்களுக்கு இது காசுக்குச் சமம். இரண்டு மாத வாடகை டெபாசிட்டாக வீட்டுக்காரரிடம் இருக்கிறது. துப்புரவுச் செலவு என்று சொல்லி அதில் கைவைப்பது வழக்கமான பேச்சு. துப்புரவு ரசீது, ஏர்கோன் சர்வீஸ் ரசீது, வேலை முடிந்த அன்றே எடுத்த படங்கள் ஆகிய மூன்றையும் சாவி கொடுக்கும் அன்றே ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள். அக்ரிமெண்டில் "தொழில்முறைத் துப்புரவு" என்ற வரி இருக்கிறதா என்று காலி செய்வதற்கு முந்தைய மாதமே பாருங்கள். அப்படி இருந்தால் அக்காவை வைத்து நீங்களே பளிச்சென்று துடைத்துக் கொடுத்தாலும் ரசீது கேட்பார்கள்.

வேலை சரியில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் படத்தோடு எழுதுங்கள். முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் திரும்ப வந்து செய்யக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் வருவார்கள். வரவில்லை, பணமும் தரவில்லை, வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் விழுகிறது என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு கொடுக்க 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை. இணையம் வழியாகவே பதியலாம். அங்கே எதிர்த் தரப்பின் பதிவுப் பெயரையும் முகவரியையும் கேட்பார்கள். மூன்றாம் படியில் எஸ்எஸ்எம்மில் தேடி வைத்தது அப்போது கைகொடுக்கும். ஐந்தாம் படியில் அனுப்பிய செய்தி, அதற்கு வந்த "சரி", பணம் அனுப்பிய ரசீது, தேதியோடு கூடிய படங்கள் ஆகியவற்றை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் நிறுவனம் 14 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். தீர்ப்பாயத்திலேயே அதற்கும் புகார் கொடுக்கலாம்.